குடிக்கு மூத்தவன்

முன்னொரு காலத்தில் பொன்வேலி நாட்டைக் கொற்றவேலன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவன் ஆட்சியில் நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிடுகிறேன். வரிசை மாறினால் குற்றவாளி இடையில் புகுந்து தப்பிவிடுவான்.

முதலில், கல்மலைக்காரர்களின் புன்செய் பறிக்கப்பட்டது. அடுத்து, நிலமற்றவர்கள் என்று சொல்லி அவர்களைக் கல்லுடைக்க அனுப்பினார்கள். அதற்கடுத்து, கூலி நெல்லை நிறுத்திவிட்டு, அந்திக்கு ஆளுக்கொரு கலயம் கள் ஊற்றினார்கள். கடைசியாக, 'குடிகாரப் பயல்கள்' என்று பெயரும் வைத்தார்கள். நான்கையும் செய்தவர் ஒரே ஆள்: மலையையும் பனந்தோப்பையும் கையில் வைத்திருந்த அரசவைப் பிரதானி சிங்கப்பேரையர்.

அந்த மக்கள் உடைத்த கல்லில்தான் பேரேரி எழும்பியது. ஏரி நிரம்பியதும், "கட்டியவர்களுக்கே பாசன நிலம்" என்றான் அரசன். நல்ல மனம்தான். ஆனால் காலையில் கூண்டிலடைத்த கிளியிடம் மாலையில் மன்னிப்புக் கேட்கிற மனம். பேரையர் காதில் ஓதினார்.

"மகாராஜா, குடி அவர்கள் இரத்தத்தில் இருக்கிறது. அப்பன் குடித்தான், பிள்ளை குடிக்கிறான், பேரனும் குடிப்பான். நிலத்தையும் கலயத்தில் கரைத்துவிடுவார்கள். என்னிடம் கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்."

அரசன் தலையாட்டிவிட்டான்.

சேதி மலைக்கு வந்ததும், கல்லுடைக்கிற காராயி உளியைக்கூடக் கீழே வைக்காமல் அரசவைக்கு நடந்தாள். அவள் கும்பிட்டு நிமிர்வதற்குள் பேரையர் கேட்டார்:

"உன் அப்பன் எப்படிச் செத்தான்?"

"குடித்துச் செத்தார், ஐயா."

"அண்ணன்?"

"ஒரு கலயத்தோடு நிறுத்தத் தெரியாது."

"தம்பி?"

"வாடை பட்டாலே குமட்டும்."

"அது கிடக்கட்டும்!"

"எப்படிக் கிடக்கும், ஐயா? இருவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஆனாலும் உங்கள் பேச்சை முழுக்கத் தள்ளமாட்டேன். இரத்தத்தில் ஏதோ விதை இருக்கலாம். அண்ணனைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது."

பேரையர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"மகாராஜா, ஒரே ஒரு நியாயம் கேட்கிறேன்," என்று காராயி அரசன் பக்கம் திரும்பினாள். " குடி பரம்பரையாக வருகிறதென்றால், அதைத் தொடங்கிவைத்த மூத்தவன் ஒருவன் இருப்பானே? பழி அவனுக்கா, பின்னால் வந்த பிள்ளைகளுக்கா?"

"மூத்தவனுக்குத்தான்!" பேரையர் முந்திக்கொண்டார். அவளுடைய பாட்டன் பூட்டன் பெயரையெல்லாம் சந்தி சிரிக்க வைக்கலாம் என்ற ஆசை அவருக்கு. "குடிக்கு மூத்தவன் எவனோ, அவன் உடைமை பறிமுதல்! அவன் பெயரைக் கல்லில் வெட்டி ஊரறியப் படிக்க வேண்டும்!"

"ஆகா, அப்படியே ஆகட்டும்!" என்று அரசன் ஓலையில் முத்திரையை அழுத்திவிட்டான்.

காராயி வாசலில் நின்ற கல்மலைக் கிழவர்களை அழைத்தாள். "உங்களுக்கு முதல் கலயம் நீட்டியது யார்? அப்பனா, பாட்டனா?"

"எங்கள் பாட்டன் கம்பங்கூழ் குடித்தவர், ஆத்தா," என்றார் மாசாணம். "கூலிக்கு நெல் கேட்டோம். பேரையரே கலயத்தை நீட்டி, 'குடி, இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு போ' என்றார்."

"அடுத்த மலைக்குக் கட்டிக்கொடுத்த எங்கள் பெண்களின் பிள்ளைகளும் எங்கள் இரத்தம்தான், மகாராஜா," என்றாள் காராயி. "அங்கே கூலி நெல். திருவிழாவுக்குத் தள்ளாடுகிறவர் ஒருவரோ இருவரோ. இங்கே தெருவே தள்ளாடுகிறது. விதை எங்களுடையதாகவே இருக்கட்டும். அந்திதோறும் ஊற்றியது யார்?"

பேரையருக்கு வியர்த்தது. "மோசடி! நான் குடி என்றது குலத்தை, கள்ளை அல்ல!"

"எங்கள் குலத்தைப் பேசும்போது கள்ளைக் காட்டினீர்கள். இப்போது கள்ளைப் பேசினால் குலத்தைக் காட்டுகிறீர்களே, ஐயா!"

அரசன் கிரீடம் சரியச் சிரித்தான். "பேரையரே, உம் குலத்துக்கு மூத்தவர் யார்?"

"நா... நான்தான், மகாராஜா."

"கள் என்றாலும் நீர். குலம் என்றாலும் நீர். எப்படிப் பார்த்தாலும் குடிக்கு மூத்தவர் நீரே!"

மலையும் தோப்பும் பறிமுதலாயின. ஏரி நிலம் கட்டியவர்களுக்கே வந்தது. அரசனின் அறிவைப் புலவர்கள் பாடினார்கள். பாடட்டும். காராயி போய் நிற்காவிட்டால் அந்த அறிவு கிளிக்கூண்டிலேயே கிடந்திருக்கும்.

கல்லில் எழுத்து வெட்டியவன் அவள் அண்ணன். கை நடுங்கியது, நிறுத்தி நிறுத்தி வெட்டினான். அந்திக்கு அவனுக்குக் கள் வரவில்லை, நெல் வந்தது.

ஏரிக்கரையில் கல்லை நட்டு, ஊரே சாட்சியாக நின்றது. படிக்கச் சொன்னது பேரையரைத்தான்.

"குடிக்கு மூத்தவன்..." என்று முணுமுணுத்தார்.

"கேட்கவில்லை, ஐயா!" என்றாள் காராயி.

"சிங்கப்பேரையன்!"