மிச்சமிருந்த சக்கரம்

"பூட்டு இருக்கு. சங்கிலி இருக்கு. சக்கரம்கூட இருக்கு. சைக்கிளைத்தான் காணோம்!"

சங்கிலியும் பூட்டும் கழுத்தில் தொங்க, காசிராஜன் தோளில் தூக்கி வந்த முன் சக்கரத்தை ஜெகதாவின் காலடியில் போட்டான்.

ஜெகதா ஒரு காலத்தில் சைக்கிள் திருடி. உள்ளே போய்விட்டு வந்தவள். இப்போது ஏரிக்கரை ஷெட்டில் பஞ்சர் ஒட்டுகிறாள். சைக்கிளைத் தொலைத்தவர்கள் அவளிடம்தான் வருவார்கள். போனதை அவள் மீட்டுத் தர மாட்டாள். ஆனால் அவளிடம் வந்து போனவர்களின் அடுத்த சைக்கிள் தொலைந்ததில்லை.

காசிராஜன் அவளைவிட மூத்தவன். இருந்தாலும் குனிந்து காலைத் தொடப் போனான்.

"தொடாதீங்கண்ணே, கிரீஸ். எங்க நிறுத்தியிருந்தீங்க?"

"வீட்டுலதான்."

"வீட்டுக்குள்ளயா?"

"வாசல்ல. லைட் கம்பத்துல சங்கிலி போட்டு."

"வாசல் தெருவுல சேர்ந்ததுண்ணே."

"ஹேண்டில்பார்ல எலுமிச்சம்பழம்கூடக் கட்டியிருந்தேன்."

"அதை விட்டுட்டுப் போயிருக்கானா?"

"அதையும்தான் கொண்டுபோயிட்டான்."

"அப்ப அவனுக்குக் கண்ணு படாது."

காசிராஜனுக்குச் சிரிப்பு வரவில்லை. விடியும் முன்னே டீக்கடைகளுக்குப் பன் போடுகிறவன் அவன். சைக்கிள் போன ஒரு வாரமாக, அவன் நடந்து போய்ச் சேர்வதற்குள் பாதிக் கடைகளில் வேறொருத்தன் போட்டுவிடுகிறான். இன்னும் நடந்தால் மீதியும் போய்விடும்.

"சிரிக்காத தாயி. என்ன தப்பு பண்ணேன்னு சொல்லு. ரெண்டு சாவியும் என்கிட்டதான் இருக்கு, பாரு!"

சட்டையைத் தூக்கிக் காட்டினான். அரைஞாண் கயிற்றில் இரண்டு சாவியும் தொங்கின.

ஜெகதா சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினாள். விர்ரென்று சுற்றியது. விரலை வைத்து நிறுத்தினாள்.

"நீங்க எதைப் பூட்டுனீங்களோ அது பத்திரமாத்தான் இருக்கு."

பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"சந்தைக்குப் போங்க. இந்தச் சக்கரத்தையும் தூக்கிக்குங்க. அங்க நிக்கிறதுல எடுக்கச் சுலபமானது எதுன்னு பாருங்க. எடுத்து ஓட்டிக்கிட்டு வாங்க."

"திருடச் சொல்றியா?"

"வச்சவங்க முகம் தெரியறவரைக்கும் நிக்காதீங்க. திரும்பிப் பாக்காதீங்க."

"நான் திருட மாட்டேன்."

"அப்ப நடந்தே பன் போடுங்க."

*

போனான். கோபத்தோடுதான் போனான்.

சந்தை வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஒன்றில் சாவி அப்படியே இருந்தது. ஒன்றைப் பந்தல் மூங்கிலில் கட்டியிருந்தார்கள். மூங்கிலைத் தூக்கினால் சங்கிலி கையோடு வந்துவிடும். ஒன்றில் பின் சக்கரத்தில் மட்டும் பூட்டு. அலாக்காகத் தூக்கிக் குட்டி யானை லோடு வண்டியில் போட்டால் முடிந்தது.

ஒரு சைக்கிள் மட்டும் நடுக் கம்பி, சக்கரம், இரும்புத் தூண் மூன்றையும் சேர்த்துக் கட்டப்பட்டு, டீ மாஸ்டரின் கண்ணெதிரே நின்றது. காசிராஜனின் கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. போன பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது.

அப்புறம் புங்க மரத்தடியில் இன்னொன்றைப் பார்த்தான்.

முன் சக்கரம் புதுசு. நடுக் கம்பியில் புதிதாகக் குழந்தை உட்காரப் பலகை. பின்னால் பன் பெட்டி வைக்கும் ஸ்டாண்டு. கொஞ்சம் கோணல். அதை வெல்டிங் வைக்கும்போது பக்கத்தில் நின்று சண்டை போட்டவனே அவன்தான்.

அவனுடைய சைக்கிள்.

சங்கிலி முன் சக்கரத்தை மட்டும் மரத்தோடு கட்டியிருந்தது.

உட்கார்ந்தான். ஸ்பேனரை வைத்தான். ஒரு நட்டு கழன்றது. அடுத்ததும் தளர்ந்தது. அந்தச் சக்கரத்தை மரத்துக்கே விட்டுவிட்டுத் தன் சக்கரத்தை மாட்டினால் போதும். ஏறிப் போய்விடலாம்.

கை நின்றது.

எவன்டா அவன்? முகத்தைப் பார்க்காமல் போவதா?

உட்கார்ந்தே இருந்தான்.

"யோவ்! என் வண்டியில என்னய்யா கை?"

ஒரு பெண். தலையில் பூக்கூடை, இடுப்பில் குழந்தை.

"திருடன்! திருடன்!"

நாலு பேர் திரும்பினார்கள். காசிராஜன் கையில் ஸ்பேனர்.

"இது என் வண்டி," என்றான்.

"என் பொண்ணு உக்கார்ற வண்டிய்யா இது!"

"சீட்டுக்கு அடியில பாரு. கா.ரா.னு கீறியிருக்கும்."

அவள் கூடையை இறக்கினாள். குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பினவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

"இதே சந்தையிலதான் வாங்கினேன். மலிவாத் தந்தான்," என்றாள். "ஏன் மலிவுன்னு நான் கேக்கல."

காசிராஜன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"ஆளுங்களைக் கூப்பிடறதுன்னா கூப்பிடு. நான் ஓட மாட்டேன்."

குழந்தை இறங்கிப் போய் எட்டி மணியடித்தது. அவனுடைய மணி.

"உன் பேரென்ன?"

"செங்கமலம்."

"பூவை எப்ப கொண்டுபோவ?"

"மத்தியானத்துக்கு மேல. தெருத் தெருவா."

அவன் நட்டுகளைத் திரும்ப முடுக்கினான். அவளுடைய சங்கிலியைத் தட்டிக் காட்டினான்.

"இப்படிக் கட்டினா இதுவும் போயிடும்."

"எனக்குத் தெரியாதே."

"எனக்கும்தான். இன்னைக்குக் காலையிலதான் தெரியும்."

கழுத்திலிருந்து தன் சங்கிலியை எடுத்தான். மரத்தில் கட்டவில்லை. அவள் தன் பூட்டைத் திறந்துவிட, சைக்கிளை டீ மாஸ்டர் எதிரே இருந்த இரும்புத் தூணுக்குத் தள்ளிக்கொண்டு போனான். நடுக் கம்பி, சக்கரம், தூண். மூன்றையும் சேர்த்துப் பூட்டினான்.

"ராத்திரி எங்க நிறுத்துற?"

"வாசல்ல."

"வாசல் தெருவுல சேர்ந்தது. இனிமே என் வீட்டுக்குள்ள நிக்கும். விடியக்காலை எனக்கு. மத்தியானம் இதே தூண்ல கட்டியிருப்பேன், நீ எடுத்துக்க. இருட்டறதுக்குள்ள இதே தூண்ல கட்டிடணும்."

"கட்டலேன்னா?"

"கட்டணும்."

அவள் அவனையே பார்த்தாள்.

"நீ மத்தியானம் வந்து இங்க கட்டலேன்னா?"

அவன் சட்டையைத் தூக்கினான். அரைஞாண் கயிற்றிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்தான். முடிச்சு இறுகியிருந்தது. கழற்றி அவள் கையில் வைத்தான்.

"திறந்து பாரு."

அவள் திறந்தாள். ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு அவளே பூட்டினாள்.

*

எடுத்து ஓட்டிக்கிட்டு வாங்க, திரும்பிப் பாக்காதீங்க என்றுதான் ஜெகதா சொல்லியிருந்தாள்.

காசிராஜன் ஏரிக்கரைக்கு நடந்து போனான். தோளில் அதே சக்கரம். சந்தை முனை மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.