ஐந்தாவது வாக்குறுதி

நாடாளுமன்றத் தேர்தலுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தபோது, வேட்பாளர் நாச்சிமுத்து தன் குருவைப் பார்க்கப் பர்கூர் மலையடிவாரத்துக்கு வந்தார்.

நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்தேழு வயது. அந்தியூரில் விதைக்கடை வைத்திருந்தார். முளைக்காத விதையை அவர் விற்றதில்லை என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். பழைய ஒழுங்கு தளர்ந்ததால்தான் நாடு கெட்டது என்று மனதார நம்பினார். மேடைக்காக நம்பவில்லை, வீட்டிலும் அப்படித்தான் பேசுவார். மரபு காப்புக் கட்சி அவரைத் தேடி வந்து வேட்பாளராக்கியது அதனால்தான்.

குருவின் பெயர் பிச்சாண்டி சாமி. நாச்சிமுத்துவைவிட ஏழு வயதுதான் மூத்தவர். பத்தொன்பது வருடங்களுக்கு முன் எங்கிருந்தோ வந்து அந்த அடிவாரத்து ஓட்டுக் கொட்டகையில் தங்கினார். பிரசங்கம் செய்ய மாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததைச் சொல்ல மாட்டார். நாச்சிமுத்து அவரைக் கேட்காமல் கடைக்கு இன்னொரு கதவுகூட வைத்ததில்லை.

அன்று முற்பகல் சாமி கொட்டகைக்குள் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே குருவம்மாள் முறத்தில் தோலைப் புடைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருடமாக அங்கே சமையல் அவள்தான். அறுபதை நெருங்கும் வயது. வருகிறவர்கள் எல்லாரும் சாமி சாமி என்று உருகுவார்கள். அவள் மட்டும் ஒருநாளும் அவரைச் சாமி என்று கூப்பிட்டதில்லை. அதை நாச்சிமுத்து கவனித்திருக்கிறார். சமையல்கார அம்மாளின் உரிமை என்று நினைத்துக்கொள்வார்.

“தேர்தல் அறிக்கைங்க, சாமி. இன்னிக்கு அச்சுக்குப் போகுது. நீங்க ஒருக்காக் கேட்டுட்டீங்கன்னா எனக்குத் தைரியம்.”

“படி.”

நாச்சிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“ஒண்ணு. ராணுவத்துக்கு நிதியைக் கூட்ட வேணும்.”

“சரி.”

“ரெண்டு. கல்யாணம், குடும்பம், சொத்து, இதுலயெல்லாம் இருக்கற பழைய வழக்கத்துல சர்க்கார் கை வைக்கக் கூடாது.”

“நான் கல்யாணம் பண்ணாதவன். நீ பண்ணினவன். உன் சம்சாரத்துக்குப் படிச்சுக் காட்டினியா?”

“இல்லீங்க.”

“சரி. அடுத்தது.”

“மூணு. இலவசத்தை நிறுத்தோணும். உழைக்காம வாங்கற பழக்கம் ஜனங்களைக் கெடுக்குது.”

குருவம்மாள் தலை நிமிராமல் சொன்னாள்: “போன வாரம் ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டியே தம்பி, ஒரு சட்னி. அது இலவச மிக்ஸியில அரைச்சது.”

சாமி சிரித்துவிட்டார். நாச்சிமுத்துவும் சிரித்தார்.

“ஆனா நீ சொல்றது நெசந்தான்,” என்றாள் அவள். “சும்மா வந்த சாமான்னு யாரும் பத்திரமா வச்சுக்கிறதில்லை. படி.”

“நாலு. எல்லைக் காவலைப் பலப்படுத்தோணும். எங்கிருந்து வந்தோம்னு காட்டறதுக்குக் காகிதம் இல்லாதவங்களைத் திருப்பி அனுப்போணும்.”

“நான் எங்கிருந்து வந்தேன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க சாமி.”

“பத்தொன்பது வருஷமாச்சு. ஏன் கேக்கலை?”

“நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாதும்பாங்களேங்க.”

“ஆமா, சொல்வாங்க,” என்றார் சாமி. “அஞ்சாவது?”

ஐந்தாவதைப் படிக்க நாச்சிமுத்து எழுந்து நின்றார். அதற்குக் காரணம் இருந்தது. போன மார்கழியில் அவர் ஊரில் மூட்டை தூக்கும் கருப்பண்ணனின் மகள், பதினோரு வயதுக் குழந்தை, கொலை செய்யப்பட்டாள். பாடைக்கு ஒரு பக்கம் தகப்பன் தோள் கொடுத்தான், மறுபக்கம் நாச்சிமுத்து கொடுத்தார். சுடுகாட்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்குக் கொடுத்தார். அதிலிருந்து கருப்பண்ணன் பிரசாரத்துக்குத் தினமும் கூடவே வருகிறான். யாரிடமும் பேசுவதில்லை. இப்போதும் வெளியே புளியமரத்தடியில் ஜீப்பில்தான் உட்கார்ந்திருந்தான்.

“அஞ்சு. கொலைகாரனுக்குத் தூக்கு. தீர்ப்பு வந்த ஒரு வருஷத்துக்குள்ள. கருணை மனுங்கற ஏற்பாடே இருக்கக் கூடாது. உயிரை எடுத்தவன் இரக்கத்துக்குத் தகுதி இல்லாதவன். அவன் திருந்துவான்னு காத்திருக்கறது, செத்தவங்களுக்கு நாம செய்யற துரோகம்.”

சாமியின் கை கடலையில் நின்றது.

“கடைசி வரி யார் எழுதினது?”

“நானேதானுங்க. நாலு நாள் உக்காந்து எழுதினேன்.”

“நல்லா எழுதியிருக்கே.”

“அப்ப இருக்கட்டுங்களா?”

“இது அப்பவே இருந்திருந்தா, நான் செத்து முப்பத்தாறு வருஷம் ஆகியிருக்கும்.”

ஏதோ தத்துவம் சொல்கிறார் என்று நினைத்து நாச்சிமுத்து கைகூப்பினார்.

“கையை இறக்கு நாச்சிமுத்து. நான் தத்துவம் பேசலை. ஒருத்தனைக் கொன்னவன் நான்.”

நாச்சிமுத்து குருவம்மாளைப் பார்த்தார். இது விளையாட்டு என்று அவளாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் புடைப்பதை நிறுத்தவில்லை.

நாச்சிமுத்து இருந்த இடத்திலேயே உட்கார்ந்தார். பார்வை தானாகச் சாமியின் கைகளுக்குப் போயிற்று. கடலைத் தோலின் செந்தூள் ஒட்டிய கைகள். ஆறு மாதத்துக்கு முன் அவருடைய பேத்திக்கு முதல் சோறு ஊட்டியது அந்தக் கைதான். சாமியின் கையால்தான் ஊட்ட வேண்டும் என்று மருமகளிடம் வீம்பு பிடித்து, குழந்தையை இங்கே தூக்கி வந்தவர் அவரேதான்.

“யாரைங்க சாமி?”

“கரிசல் பக்கம் எங்க ஊர்ல சங்கரபாண்டின்னு ஒருத்தன். அப்ப என் பேரு வேலுச்சாமி. எனக்கு இருபத்தாறு வயசு. இதே மாதிரி ஒரு தேர்தல். எங்க கட்சி வேட்பாளர் ஊருக்கு வந்து பேசினார். தேசத்துக்கு என்ன செய்யணும்னு ஒரு கொள்கை சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. சங்கரபாண்டி வேற கட்சி. டீக்கடையில அந்தப் பேச்சை அப்படியே பேசிக்காட்டிக் கேலி பண்ணினான். எல்லாரும் சிரிச்சாங்க.”

“அதுக்கு?”

“மறுநாள் விடிஞ்சதும் அவன் கம்மாய்க் கரை வழியா வேலைக்குப் போவான்னு எனக்குத் தெரியும். அரிவாளோட மதகுக்குப் பின்னால உக்காந்திருந்தேன்.”

“குடிச்சிருந்தீங்களா?”

“இல்லை. நல்ல தெளிவா இருந்தேன்.”

“அவன் ஏதாச்சும் அடிக்க வந்தானுங்களா?”

“இல்லை. என்னைப் பார்த்ததும் ‘என்னப்பா வேலுச்சாமி, இந்நேரத்துலயேவா’ன்னு சிரிச்சான்.”

நாச்சிமுத்து அதற்கு மேல் சாக்குத் தேடவில்லை.

“தூக்குன்னு தீர்ப்பு. மேல்கோர்ட்டும் சரின்னு சொல்லிட்டாங்க. வக்கீல் கருணை மனுப் போட்டார். நான் கையெழுத்துதான் போட்டேன், நம்பிக்கை இல்லை. நாள் குறிச்ச பிறகு, ஆயுள் தண்டனையா மாத்தி உத்தரவு வந்துச்சு. பதினாலு வருஷம் இருந்தேன். அஞ்சு வருஷம் திரிஞ்சேன். அப்புறம் இங்கே.”

“என்கிட்ட ஏனுங்க சொல்லலை?” நாச்சிமுத்துவின் குரல் உயர்ந்துவிட்டது. குருவிடம் அவர் குரல் உயர்த்துவது அதுதான் முதல் தடவை. “பத்தொன்பது வருஷம் உங்க கால்ல விழுந்திருக்கேன்!”

“நீ கேக்கலை. கேட்ட ஆளுக்குச் சொன்னேன்.”

“யாருங்க கேட்டது?”

குருவம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“நான்தான் தம்பி. சங்கரபாண்டி என் வீட்டுக்காரரு.”

புளியமரத்தில் ஒரு காகம் கத்தியது.

“எனக்கு அப்ப இருபத்தோரு வயசு,” என்றாள் அவள். “வயித்துல ஆறு மாசம். என் மகன் அவங்க அப்பா முகத்தைப் பார்த்ததே இல்லை. அவனை ஆளாக்கி, கல்யாணம் முடிச்சு, அதுக்கப்புறம்தான் வந்தேன். இங்கே இருக்கிறதா ஊர்ல யாரோ சொன்னாங்க. இந்த ஆளு இருக்கானா செத்தானான்னு கண்ணால பார்த்துட்டுப் போகணும்னு வந்தேன். நீதானே வேலுச்சாமின்னு கேட்டேன். ஆமான்னாரு. ஏன் செஞ்சேன்னு கேட்டேன். இப்ப உன்கிட்ட சொன்னதைத்தான் சொன்னாரு. ஒரு சொல் கூட்டலை, குறைக்கலை.”

“அப்புறம்?”

“அன்னைக்குப் பௌர்ணமி. நூறு பேருக்குச் சோறு. சமைக்கிறவன் எங்கேயோ போயிட்டான், உலை அடிப்பிடிச்சு நாறுது. சோறு கருகினா எனக்குப் பொறுக்காது. போய் இறக்கி வச்சேன். அப்படியே இருந்துட்டேன்.”

நாச்சிமுத்துவின் கண்ணில் நீர் வந்தது. அவருக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது.

“நீங்க மன்னிச்சுட்டீங்க, அம்மா.”

“யாரு சொன்னா?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“தூக்குல போடச் சொல்லி அன்னைக்கே மனுக் கொடுத்தேன் தம்பி. நிறைமாசத்தோட கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னு கொடுத்தேன். இன்னைக்குக் கேட்டாலும் கொடுப்பேன். இவருக்கும் அது தெரியும்.”

சாமி தலையசைத்தார்.

“பன்னண்டு வருஷமா இவருக்குச் சோறு போடறீங்களேம்மா!”

“தூக்குல போடுன்னு மனுக் கொடுத்தேன். பட்டினி போடுன்னு கொடுக்கலையே.”

அவள் முறத்தை எடுத்துக்கொண்டாள். தோல் பறந்தது.

நாச்சிமுத்து கையிலிருந்த தாளைப் பார்த்தார். நான்கு நாள் யோசித்து எழுதிய வரி இப்போது யாரோ எழுதியதுபோல் இருந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“இதை அடிச்சுடறேனுங்க சாமி. நீங்க வேற, மத்தவங்க வேற. உங்களை எனக்குத் தெரியும்.”

“சங்கரபாண்டியை இந்த அம்மாவுக்குத் தெரியும்,” என்றார் சாமி.

பேனா அந்தரத்தில் நின்றது.

“அடிக்காதே தம்பி,” என்றாள் குருவம்மாள். “அந்த வரி இருந்தாத்தான் என் ஓட்டு உனக்கு.”

“சாமி, நீங்களே சொல்லுங்க. வைக்கட்டுமா, எடுக்கட்டுமா?”

“வெளியே ஜீப்புல இருக்கிறவருக்கு என்ன சொல்லியிருக்கே?”

நாச்சிமுத்து வாசலைப் பார்த்தார். கருப்பண்ணன் ஜீப்பிலிருந்து இறங்கி மரத்தடியில் நின்றிருந்தான். உள்ளே நடந்த பேச்சு அவனுக்குக் கேட்டிருக்காது. இந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை. கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா நின்றான். மகளை எரித்துவிட்டு வந்த அன்றும் அவன் அப்படித்தான் நின்றான்.

நாச்சிமுத்து பேனாவை மூடினார்.

“வாக்குக் கொடுத்துட்டேனுங்க.”

“கொடுத்த வாக்கைக் காப்பாத்து.”

“உங்களுக்குக் கோபம் இல்லீங்களா?”

“எனக்கு என்ன கோபம்? உயிரை எடுத்தவன் நான்.”

நாச்சிமுத்து எழுந்தார். வழக்கமாகக் காலில் விழுந்துவிட்டுத்தான் கிளம்புவார். அன்று விழுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பத்தொன்பது வருடம் யோசிக்காமல் செய்தது இப்போது மலைபோல் நின்றது. கடைசியில் விழவில்லை. கும்பிட்டார். அந்தக் கும்பிடு குருவம்மாளுக்கும் சேர்ந்து போயிற்று.

படியில் செருப்பை மாட்டும்போது அவருக்கு ஒன்று உறைத்தது. திரும்பி வந்தார்.

“சாமி, ஒண்ணே ஒண்ணுங்க. உங்க வேட்பாளர் அன்னிக்கு மேடையில சொன்னாரே, அது என்ன கொள்கைங்க?”

சாமி குருவம்மாள் பக்கம் திரும்பினார்.

“உனக்கு ஞாபகம் இருக்கா தாயி?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள்.

“பதினாலு வருஷம் உள்ளே உக்காந்து யோசிச்சேன் நாச்சிமுத்து,” என்றார் சாமி. “அது என்னன்னு எனக்கு ஞாபகம் வரவே இல்லை.”