ராஜா இறக்கி வைத்த பாரம்

முன்னொரு காலத்தில் சாலிப்பட்டணத்தை ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான்; புத்தி மட்டும் நாளுக்கொரு பக்கம் சாயும். ஒருநாள் வெற்றிலைக்குடி என்ற ஊருக்கு வந்தவன், நான்கு வீதிகளும் கூடுகிற சதுக்கத்தைக் கண்டு சொக்கிப்போனான். "இதன் நடுவில் என் சிலை நிற்கட்டும்!" என்றான்.

நடுவில் ஏற்கெனவே ஒரு சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு, தோள் உயரத்தில் ஒரு கல்லைக் கிடத்தியிருந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்யும் கருத்தான். அவன் மனைவி பூவாயி வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாள். பாரத்தை இறக்காமலே போனவளுக்குச் சுமைதாங்கி நடுவது அந்தப் பக்கத்து வழக்கம். சந்தைக்கு வருகிறவர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி மூச்சு வாங்குவார்கள். பூவாயியே கை கொடுத்து இறக்குவதுபோல் கருத்தானுக்கு இருக்கும்.

"நாளைக்கே பிடுங்கி எறிகிறேன் பிரபு!" என்றான் அதிகாரி வீரபாகு. மந்திரி நல்லதம்பி வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொள்வதே அவன் பிழைப்பு.

கருத்தான் மந்திரியின் காலில் விழுந்தான். "சாமி, அவளுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

மந்திரி ராஜாவிடம் போனார். "சிலைக்கு முதல் கல்லைத் தாங்களே தலையில் சுமந்து வந்தால் ஊரே மெச்சும். பிடுங்குவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்."

"மெச்சுமா? சுமக்கிறேன்!"

மறுநாள் கொளுத்தும் வெயிலில் கல்லோடு சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தான் ராஜா. "இறக்குங்கள்!"

மந்திரி சூரியனை அண்ணாந்து பார்த்தார். "ராகு காலம் பிரபு. முடியும்வரை முதல் கல் மண்ணில் படக்கூடாது."

"வீரபாகு, நீ கொஞ்சம் பிடி."

"அபசாரம்! மகாராஜா தலையில் இருந்ததை இந்த அற்பன் தொடுவதா?" என்று நழுவினான் வீரபாகு. அரண்மனையில் பல்லக்கைத் தொடுவதற்கு முண்டியடிப்பவன் அவன்தான்!

ராஜா கல்லோடு இப்படியும் அப்படியும் தள்ளாடினான். கருத்தானுக்கு மனசு கேட்கவில்லை. இடிக்க வந்தவன் என்பதையே மறந்து, சுமைதாங்கியைக் காட்டினான்.

"சாமி, இதுமேல வைங்க. மண்ணுல படாது."

ராஜா இறக்கினான். "அப்பாடா! யார் செய்த புண்ணியம் இது?"

"என் பொண்சாதி பேருல நட்டதுங்க." கருத்தான் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

ராஜா சுமைதாங்கியைத் தடவிப் பார்த்தான். "மந்திரி, தெரிந்துதானே ராகு காலத்தில் கூட்டிவந்தீர்?"

"கழுத்து வலிக்காமல் இந்தச் சுமைதாங்கியின் அருமை தெரியாதே பிரபு."

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். தன் முத்துமாலையை மந்திரிக்குப் போட்டான். "வீரபாகு! சிலை வேண்டாம். நான் சுமந்து வந்த கல்லை நீயே அரண்மனைக்குச் சுமந்து போ. வழியில் எங்கும் இறக்காதே!" கருத்தான் பக்கம் திரும்பினான். "அவள் பெயர் என்னப்பா?"

"பூவாயிங்க."

"இனி இது பூவாயி சதுக்கம்."

அடுத்த சந்தையன்று ஒரு கீரைக்காரி தன் தோழியைக் கூப்பிட்டாள்: "பூவாயிகிட்ட நில்லுடி, இதோ வந்துடறேன்!"

வெற்றிலைக் கட்டோடு வந்துகொண்டிருந்த கருத்தான் அப்படியே நின்றுவிட்டான். அந்தப் பெயரைக் கீரைக்காரி இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று காத்திருந்தான்.