தாங்கி

முன்னொரு காலத்தில், அதாவது பழ ஈக்களின் கணக்கில் முப்பது தலைமுறைக்கு முன்னால், நம் கணக்கில் போன வருஷம், ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரே குப்பிக்குள் இரண்டு ஈக்கள் பிறந்தன. காலையில் அண்ணன், மத்தியானம் தம்பி. கூடத்து வேலைக்காரி சூசையம்மா சோளமாவும் வெல்லமும் போட்டுக் கிண்டிய கூழ்தான் இருவருக்கும் சோறு, பாய், வீடு எல்லாம்.

அந்தக் கூடத்தில் ஆளுயரக் கண்ணாடிக் குழாய் ஒன்று நின்றது. உள்ளே சரிவான படிகள். தினமும் ஈக்களை உச்சியில் விட்டுச் சாராய ஆவியைச் செலுத்துவார்கள். போதை ஏறிக் கால் தவறிய ஈ படிப்படியாக உருண்டு அடியில் வந்து விழும். எந்த ஈ எத்தனை நிமிஷத்தில் விழுகிறது, அது எந்த மரபணுவின் வேலை என்பதுதான் டாக்டர் செண்பகவல்லியின் ஆராய்ச்சி.

முதல் நாள் தம்பி மூன்றாம் நிமிஷமே விழுந்தான். குழாய்க்குத் தான் ஒரு ராஜகோபுரம் என்று நினைப்பு. "உனக்கெல்லாம் எதுக்குடா ஆறு காலு?" என்று கேட்டது. அண்ணன் அரைமணி நேரம் அசையாமல் நின்றான். இருவரையும் தனித்தனிக் குப்பியில் போட்டு, தம்பிக்குத் 'தள்ளாடி' என்றும் அண்ணனுக்குத் 'தாங்கி' என்றும் சீட்டு ஒட்டினாள் செண்பகவல்லி.

தம்பி வெட்கத்தில் கூழுக்குள்ளேயே முகம் புதைத்துக் கிடந்தான். மறுபிறவி என்று ஒன்று இருந்தால் அண்ணனின் கால்கள் வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

ஒருநாள் குப்பிகளைத் துடைத்துக்கொண்டே சூசையம்மா கேட்டாள். "தாங்கின்னா நல்ல பேருதானே டாக்டரம்மா?"

செண்பகவல்லி 'தாங்கி' குப்பியைக் கையில் எடுத்தாள். பிறகு, தன் அண்ணன் குமரப்பனுக்கும் ஊரில் அதே பெயர்தான் என்றாள். கல்யாண வீடுகளில் இரண்டாவது கிளாஸிலேயே சாய்ந்த சேக்காளிகள் எல்லாம் மறுநாள் தலைவலியோடு எழுந்து, இந்தச் சனியனே வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். குமரப்பன் மட்டும் கடைசி வரை நிற்பானாம். விழுந்தவர்களை வீடு சேர்ப்பதும் அவன்தானாம். என் பிள்ளை தள்ளாடி எவனும் பார்த்ததில்லை என்று அம்மாவுக்குக்கூடப் பெருமையாம்.

"கால் தாங்குச்சு சூசையம்மா. ஈரல் தாங்கலை."

தம்பி முகத்தைக் கூழிலிருந்து எடுத்தான்.

அப்போதுதான் அவன் பக்கத்துக் குப்பியிலிருந்த அண்ணனைச் சரியாகப் பார்த்தான். அண்ணன் கூழைத் தொட்டு நாலு நாளாயிருந்தது. ஆவி கிடைக்காத நேரத்தில் ஆறு காலும் நடுங்கின. விடிந்ததும் அவன் கேட்கும் ஒரே கேள்வி, "குழாய்க்குப் போற நேரம் ஆச்சாடா?" என்பதுதான்.

மறுநாள் எல்லாக் குப்பிகளையும் ஒன்றாகவே குழாய்க்குள் கவிழ்த்தார்கள். உச்சிப்படியில் தம்பி அண்ணனை ஒட்டி நின்றான்.

"அண்ணே, இன்னிக்கு விழுந்துடுண்ணே."

குழாய் சிரித்தது. அண்ணன் அடியை எட்டிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"எனக்கு விழத் தெரியலையேடா."

தம்பி அவன் காலைப் பிடித்து இழுத்தான். அதற்குள் ஆவி வந்துவிட்டது. பிடி தளர்ந்து தம்பி மட்டும் உருண்டான்.

அவன் மயக்கம் தெளிந்தபோது ஆவியை நிறுத்திக் காற்றை விட்டிருந்தார்கள். விழுந்த ஈக்கள் ஒவ்வொன்றாக எழுந்து இறக்கையை உதறின. உச்சிப்படியில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான்.

"பாருங்கடா, இன்னும் நிக்கிறான். எப்படித் தாங்குறான்!" என்றது குழாய்.

செண்பகவல்லி நகத்தால் கண்ணாடியை மெல்லத் தட்டினாள். அண்ணன் உமி மாதிரி ஓசையில்லாமல் உதிர்ந்து தம்பியின் பக்கத்தில் வந்து கிடந்தான்.

காலிக் குப்பியிலிருந்து செண்பகவல்லி 'தாங்கி' சீட்டைப் பிய்த்தாள். அதை எதில் ஒட்டுவது என்று தெரியாமல், பசை காயும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.