தண்டு நிமிர்ந்த லெட்டூஸ் கசப்பது ஏன்?

அந்தக் காலத்தில், செடிகள் பேசிக்கொண்டிருந்தபோது (மனிதர்கள் பொதுவாகக் காது கொடுப்பதில்லை, அது வேறு விஷயம்), ஒரு மலைச்சரிவில் அக்காளும் தங்கையுமாக இரண்டு செடிகள் இருந்தன. இருவருக்கும் இலையின் அடிநரம்பில் முள். கிள்ளினால் கசப்புப் பால். ஆடுகள் முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போய்விடும்.

மழை பொய்த்த ஓர் ஆண்டில் மாதி என்ற தோட்டக்காரி அங்கே வந்தாள். “முள்ளையும் கசப்பையும் விட்டுட்டு வர்றவளுக்கு என் வேலிக்குள்ள இடம் உண்டு. தினமும் தண்ணி ஊத்துவேன்” என்றாள்.

அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கைக்குத் தாகம் தாங்கவில்லை. இரண்டையும் உதறிவிட்டு மாதியோடு போனாள். அவளைத்தான் இன்று லெட்டூஸ் கீரை என்கிறோம்.

வேலிக்குள் ஒரு குறையும் இல்லை. அடியிலைகளை மாதி பறித்துக்கொள்வாள். அதில் தங்கைக்கு வருத்தமில்லை. ஆனால், பூக்கலாம் என்று தங்கை தண்டை நிமிர்த்தும்போதெல்லாம் மாதி அதையும் கிள்ளிவிடுவாள். கிள்ளினால் இலை கூடும் என்பது அவள் எண்ணம். வேலிக்கு வெளியே, அதே சரிவில் வேலியை ஒட்டி நின்ற அக்காளின் விதைகள் வெள்ளைக் குடை பிடித்துப் பறந்தன. தங்கைக்கு ஒரு பிள்ளைகூட இல்லை.

“அக்கா, எனக்கு வயசாகுது. இந்தத் தடவையும் கிள்ளிட்டா அவ்வளவுதான்.”

“தண்ணி நல்லா இருந்துச்சாடி?”

“குத்திக் காட்டாதே. உன் முள்ளுல கொஞ்சம் கொடு.”

“முள்ளோட நின்னா வேரோட பிடுங்கி வீசிடுவா. கசப்பை வாங்கிக்கோ. வாயில வெச்ச பிறகுதான் அது தெரியும்.”

அக்காள் வேலிக்கு அடியில் வேரை நீட்டித் தங்கையின் வேரைத் தொட்டாள். நிமிர்ந்த தண்டில் பால் ஏறியது.

வேலை தொடங்குமுன் ஓர் இலையை மெல்வது மாதியின் வழக்கம். மென்றாள், துப்பினாள்.

“தூ! என்னடி இது, வேப்பெண்ணெயா?”

“பூக்கணும். விட்டுடு.”

“முன்னாடியே சொல்லியிருந்தா விட்டிருப்பேனே!”

“நீ கேட்டுட்டா கிள்ளினே?”

மாதி தண்டை நோக்கி நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள். தங்கை மஞ்சளாகப் பூத்தாள்.

அந்தப் பூ பூத்த நாளிலிருந்துதான், இளசாக இருக்கும்வரை யாருக்கும் இலை கொடுக்கும் லெட்டூஸ், தண்டு நிமிர்ந்ததும் கசந்துவிடுகிறது. தோட்டக்காரர்களும் பாத்திக்கு ஒன்றிரண்டு செடியையாவது கிள்ளாமல் விதைக்கு விட்டுவைக்கிறார்கள்.