பேனல் இல்லாத மாடி

சோலார் பேனல் வைத்தால் அரசு மானியம் தரும் என்று கேள்விப்பட்டு, இட்லி மாவு விற்கும் செங்கமலம் தன் மொட்டைமாடியில் இரண்டு பேனல்களைக் கடனுக்கு வாங்கி மாட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் மானியம் உறுதியாகாவிட்டால் கடைக்காரர் அவற்றைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்.

மானிய அலுவலகத்தில் அதிகாரி குணபூஷணம் விண்ணப்பத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"பேனல் மாட்டறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ எங்கேம்மா?"

"எடுக்கலையே சார். மாட்டியாச்சே!"

"பதினோராம் விதி. பேனல் இல்லாத மாடியைப் போட்டோ எடுத்துட்டு வா. ஆனா பேனலைக் கழற்றக் கூடாது. கழற்றினா மானியம் ரத்து."

கழற்றாமலே இல்லாமல் ஆக்குவது எப்படி? விதியை எழுதியவருக்காவது அது விளங்கியதா என்பது ஆராய்ச்சிக்குரியது. செங்கமலத்துக்குக் கிரைண்டரோடு சேர்ந்து தலையும் சுற்றியது.

மறுநாள் அவள் ஒரு போட்டோவை நீட்டினாள். வெறும் மாடி.

"யாரை ஏமாத்தறே?" என்று சீறினார் குணபூஷணம். "இது என் வீட்டு மாடி! அந்த நீலத் தொட்டி என்னுது!"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உங்க மாடியேதான் சார். உங்க எதிர்வீட்டு மாடிக்கு மாவு கொடுக்கப் போனப்ப அங்கிருந்து எடுத்தேன்." செங்கமலம் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டினாள். "போன வருஷம் மானியம் வாங்கினவங்கள்ல உங்க பேருதான் முதல்ல இருக்கு. மாட்டின பிறகும் மாட்டாத மாதிரியே வச்சிருக்கீங்களே, அந்த வித்தையை எனக்கும் சொல்லிக் கொடுங்க சார்."

வரிசை மொத்தமும் சிரித்தது. குணபூஷணம் கையெழுத்துப் போட அவசரமாகப் பேனாவைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது.