வாத்துகள் ஏறிய தெப்பம்

மலையடிவாரக் காட்டில் மழைக்காலம் வந்தால் ஆறு கரை மீறும். தாழ்வான புல்வெளியில் இருக்கும் மான்கள்தான் முதலில் தவிக்கும். அதனால் யானை அரசர் நாற்பது தெப்பங்கள் வாங்க முடிவு செய்தார். செய்து தர ஒப்புக்கொண்டவன் துடுப்பன் என்ற நீர்நாய். தெப்பம் உறுதிதானா என்று பார்த்துச் சொல்லும் வேலை, செதிலி என்ற அழுங்குக்கு, அதாவது எறும்புதின்னிக்கு.

குளத்தில் சோதனை நடந்தது. துடுப்பன் நாணல் தெப்பத்தை மிதக்கவிட்டு, அதில் நான்கு வாத்துகளை ஏற்றினான். தெப்பம் ஆடாமல் அசையாமல் நின்றது. கூட்டம் ஆரவாரித்தது. மயில் மந்திரி அங்கேயே தோகை விரித்து ஓர் ஆட்டம் போட்டு, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்துவிட்டார்.

செதிலிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஊரே மகிழ்ந்திருக்கும்போது குறை சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? பேசாமல் சுருண்டு பந்தாகிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"மந்திரியாரே, தெப்பம் முழுகினாலும் வாத்து முழுகாதே?"

மயிலின் தோகை சட்டென்று மடங்கியது. அரசர் பெருமூச்சு விட்டார். "சரி, என்ன செய்யலாம் என்கிறாய்?"

"ஆற்றில் விடுவோம், அரசே. காட்டுப்பன்றி ஏறட்டும்."

மறுநாள் பன்றி முணுமுணுத்துக்கொண்டே ஏறியது. நடு ஆற்றில் கொடி முடிச்சுகள் ஊறி நழுவின. நாணல் ஒரு பக்கம் போனது, பன்றி ஒரு பக்கம் போனது. நீந்திக் கரையேறிய பன்றி, இனி தன் பரம்பரையே தெப்பத்தில் கால் வைக்காது என்று சபதம் செய்தது. துடுப்பன் தலை கவிழ்ந்து நின்றான்.

செதிலி அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "யோசனை நல்ல யோசனைதான் துடுப்பா. ஆனால் இன்னும் பிஞ்சு. பழுக்கட்டும்" என்றாள். நாற்பது வேண்டாம், முதலில் ஒன்றைச் சரியாகக் கட்டட்டும் என்று அரசரிடம் சொன்னாள். தெப்பத்தை நம்பி உட்காராமல், மான்களை இப்போதே மேட்டுக்கு அனுப்பிவிடும்படியும் கேட்டுக்கொண்டாள். மயில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரசர் தலையசைத்தார்.

துடுப்பன் கொடியை மாற்றினான், முடிச்சை மாற்றினான். பன்றியின் எடைக்குக் கல்லை ஏற்றி ஆற்றில் விட்டுப் பார்த்தான். எட்டு முறை அவிழ்ந்தது. ஒன்பதாவது முறை நின்றது.

அந்த ஆண்டு வெள்ளம் பத்து நாள் முந்திக்கொண்டது. மான்கள் எல்லாம் மேட்டில் இருந்தன. நிறைமாதச் சினையாக மேடேற முடியாமல் தங்கிய ஒரு மான் மட்டும் அன்று காலைதான் கீழே குட்டி ஈன்றிருந்தது. துடுப்பன் தன் ஒரே தெப்பத்தைச் சீறும் வெள்ளத்தில் தள்ளிக்கொண்டு போனான். தாயையும் குட்டியையும் ஏற்றி முழுசாகக் கரை சேர்த்தான்.

ஒரு பொருள் எங்கே உழைக்க வேண்டுமோ அங்கேயே அதைச் சோதித்துப் பார்க்காமல், அதை நம்பி ஓர் உயிரையும் ஒப்படைக்கக் கூடாது.